வினாவின் பொருளும் விடையின் பொருளும்: தமிழ் வினாக்கொத்துகளிற் தெளிவு பற்றிய சில குறிப்புகள்

சமூக வாழ்வை ஆராய்வதற்கு இன்று மிகப் பரவலாகக் கையாளப்படும் கருவி வினாக்கொத்தாகும். பல்கலைக்கழக மாணவர் தமது இறுதியாண்டு ஆய்வுக்கும், அரச திணைக்களங்கள் தமது திட்டங்களுக்கும், தொண்டு நிறுவனங்கள் தமது அறிக்கைகளுக்கும் இதனையே நாடுவதைக் காண்கிறோம். மாதிரியைத் தெரிவுசெய்வது எவ்வாறு, அட்டவணை தயாரிப்பது எவ்வாறு, புள்ளிவிபரச் சோதனைகளைப் பிரயோகிப்பது எவ்வாறு என்பன விரிவாகப் போதிக்கப்படுகின்றன. ஆனால், இவையனைத்துக்கும் மூலப்பொருளாக அமையும் வினா வாக்கியத்தை எழுதுவது எவ்வாறு என்பது, மொழியறிந்த எவருக்கும் தானாகவே கைவரக்கூடிய ஒன்றெனக் கருதப்பட்டு விடப்படுகின்றது.

இக்கருத்துத் தவறானது என்பதே எமது நிலைப்பாடு. வினா ஒன்று இருபொருள் படுமாயின், அதற்குக் கிடைக்கும் விடைகளை எத்தனை நுட்பமாகக் கணக்கிட்டாலும் அக்கணக்கு எதனையும் கூறாது. அதனினும் பாரதூரமான விடயம் ஒன்றுண்டு. கேட்பவன் கருதிய பொருள் ஒன்றாகவும் விடையளிப்பவன் விளங்கிக்கொண்ட பொருள் வேறாகவும் இருக்கும்போது, அட்டவணையில் ஏறுவது கேட்பவனுடைய பொருளே. சொல்லியவன் தொழிலாளியாகவும் எழுதிக்கொள்பவன் படித்த நடுத்தர வர்க்கத்தினனாகவும் இருக்கும் எமது சமூகத்தில், வினாவின் தெளிவின்மை வெறும் இலக்கண வழுவன்று. ஒருவனுடைய குரலை அவன் அறியாமலே மாற்றிவிடும் செயலாகும். இக்கட்டுரையில் இப்பிரச்சினையைச் சில வரலாற்று உதாரணங்கள் கொண்டும், தமிழ் மொழியின் அமைப்புக் கொண்டும், எமது சூழலின் அனுபவங்கள் கொண்டும் நோக்குவோம்.

1. ஒரு முன்னோடி முயற்சி

1880ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 'லா றெவ்யூ சோசலிஸ்ற்' என்னும் பிரெஞ்சுச் சஞ்சிகை தொழிலாளரை நோக்கிய வினாக்கொத்து ஒன்றினை வெளியிட்டது. சஞ்சிகையின் ஆசிரியர் பெனுவா மலோன். அவரது வேண்டுகோளுக்கிணங்க வினாக்களைத் தயாரித்தவர் கார்ல் மார்க்ஸ். நான்கு பகுதிகளாக வகுக்கப்பட்ட 101 இலக்கங்களைக் கொண்ட இவ்வினாக்கொத்தின் 25,000 பிரதிகள் பிரான்ஸ் எங்கணும் விநியோகிக்கப்பட்டன. தொழிலாளர் அனுபவிக்கும் துன்பங்களை முழு அறிவோடு கூறவல்லவர் தொழிலாளரேயன்றி வெளியிலிருந்து வரும் இரட்சகர் அல்லர் என்பது அதன் முன்னுரையில் வற்புறுத்தப்படும் கருத்தாகும்.

இவ்வினாக்கொத்தைப் படிப்போரைக் கவர்வது அதன் பருமைத் தன்மையே. "நீ சுரண்டப்படுகிறாயா?" என்று மார்க்ஸ் எங்கும் கேட்கவில்லை. தொழில் எது, வேலைத்தலத்தில் எத்தனை பேர், காற்றோட்டம் எவ்வாறு, இயந்திரங்களுக்குப் பாதுகாப்பு உண்டா, நாளொன்றுக்கு எத்தனை மணிநேர வேலை, உணவு இடைவேளை எவ்வளவு, வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்குச் சென்று திரும்புவதிற் கழியும் நேரம் எவ்வளவு, கூலி நேரக் கணக்கா துண்டுக் கணக்கா, எத்தனை நாட்களுக்கு ஒருமுறை அது கைக்கு வருகின்றது என்பனவே அவரது வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் தொழிலாளி தன் கண்ணாற் கண்டதை, தன் கையால் எண்ணியதைக் கொண்டு விடையளிக்கலாம். எல்லா வினாக்களுக்கும் விடை எழுதவேண்டிய கட்டாயமும் இல்லை. சுரண்டல் என்னும் கோட்பாட்டை வினாவினுள்ளே நுழைக்காமல், விடைகளை ஒன்று சேர்க்கும்போது அது தானே வெளிப்படும்படி வினாக்கள் ஒழுங்கு செய்யப்பட்டுள்ளன.

எனினும், இம்முயற்சியில் இன்றைய ஆய்வாளர் தவிர்க்கவேண்டிய குறைபாடுகளும் உள்ளன. இறுதிப் பகுதியில் வரும் வினாவொன்று, அத்தொழிலிலுள்ள ஆண், பெண் தொழிலாளரின் உடல்நிலை, அறிவுநிலை, ஒழுக்கநிலை ஆகிய மூன்றையும் ஒரே வீச்சிற் கேட்கின்றது. இம்மூன்றும் இரு பாலார்க்கும் ஒன்றுபோல அமைவதில்லை. ஆறு வினாக்கள் இங்கே ஒன்றினுள் அடங்கியுள்ளன. இன்னொரு வினா, அத்தியாவசியப் பொருள்களின் விலை கூலியைவிட வேகமாக ஏறுவதை அவதானித்திருக்கிறாயா என்ற பாங்கில், எதிர்பார்க்கும் விடையைத் தானே சுட்டிவிடுகின்றது. வந்து சேர்ந்த விடைகளும் மிகச் சிலவே. நீண்ட வேலைநாளின் முடிவில் விளக்கொளியில் இருந்து நூறு வினாக்களுக்கு விடை எழுதுவதென்பது எத்தகைய சுமை என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். மார்க்ஸின் வினாக்கொத்தினை வழிபாட்டுப் பொருளாக வைத்துப் போற்றுவதிலும் பார்க்க, அதன் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே கற்றுக்கொள்வதே அவருக்குச் செய்யும் மரியாதையாகும்.

2. சொல் மாறின் விடை மாறும்

வினாவின் சொற்றெரிவு விடையை எவ்வளவு தூரம் நிர்ணயிக்கும் என்பதற்குப் பின்வந்த காலத்தில் உறுதியான சான்றுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் மூன்றினை இங்கு நோக்குவோம்.

முதலாவது, 1941இல் ஐக்கிய அமெரிக்காவில் டொனால்ட் ரக் வெளியிட்ட பரிசோதனை. சனநாயகத்துக்கு எதிரான பகிரங்கப் பேச்சுகளை அரசு அனுமதிக்க வேண்டுமா என ஒரு சாராரிடமும், அதே பேச்சுகளை அரசு தடைசெய்ய வேண்டுமா என இன்னொரு சாராரிடமும் கேட்கப்பட்டது. அனுமதிக்கக் கூடாது என்றோர் 62 சதவீதத்தினர். தடைசெய்ய வேண்டும் என்றோர் 46 சதவீதத்தினர் மாத்திரமே. தர்க்கரீதியாக இரண்டும் ஒன்றே. ஆனால் 'தடை' என்ற சொல்லின் கடுமை, பேச்சைக் கட்டுப்படுத்த உடன்பட்ட பலரையும் பின்வாங்கச் செய்துவிட்டது.

இரண்டாவது, 1951இல் வினாக் கேட்டல் பற்றிய தனிநூலொன்றை எழுதிய ஸ்ரான்லி பெய்ன் காட்டும் உதாரணம். மருத்துவச் செலவை மக்கள் எளிதிற் செலுத்துவதற்கு ஏதாவது செய்யப்பட வேண்டுமா, செய்ய முடியுமா, செய்யப்படக்கூடுமா என ஒரே வினா மூன்று துணைவினைகளோடு கேட்கப்பட்டபோது, ஆம் என்றோர் முறையே 82, 77, 63 சதவீதத்தினர். ஒரு துணைவினை மாறியதால் மட்டும் 19 சதவீத வேறுபாடு விளைந்துள்ளது.

மூன்றாவது, அண்மைக்கால வரலாற்றில் இடம்பெற்ற மிகப் பாரிய வினாப் பிழை. நாசிகள் யூதரை அழித்தொழித்தமை நிகழவேயில்லை என்பது சாத்தியமாகத் தோன்றுகிறதா, அன்றிச் சாத்தியமற்றதாகத் தோன்றுகிறதா என்ற பாங்கில் 1992இல் றோப்பர் நிறுவனம் அமெரிக்க மக்களிடம் வினவியது. 22 சதவீதத்தினர் சாத்தியம் என்றனர். ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் மானிட வரலாற்றின் மாபெரும் கொலையையே ஐயுறுகின்றனர் என்ற செய்தி பேரதிர்ச்சியை விளைத்தது. ஆனால் பிழை மக்களிடத்தன்று. 'சாத்தியமற்றது', 'நிகழவேயில்லை' என இரு எதிர்மறைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய வாக்கியத்திடத்தேயாம். 1994இல், அது நிகழ்ந்தது என்பதில் உறுதியாக இருக்கிறீர்களா என்ற நேரான தெரிவு கொடுக்கப்பட்டு மீண்டும் வினவப்பட்டபோது, நிகழாதிருத்தல் சாத்தியம் என்றோர் ஒரு சதவீதத்தினரே. மக்கள் திரளின் அறிவையும் மனச்சாட்சியையும் பற்றி ஒரு தவறான வாக்கியம் எத்தகைய அவதூறைப் பரப்ப முடியும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

3. தமிழ் வாக்கியத்தின் சிறப்பியல்புகள்

மேற்கூறியவை ஆங்கில வாக்கியங்கள் தொடர்பானவை. எமது வினாக்கொத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னர் தமிழாக்கப்படுகின்றன. அவ்வாறு ஆக்கப்படும்போது ஆங்கிலத்துக்குரிய குறைகளோடு, தமிழின் அமைப்பினாலே தோன்றும் வேறு சில குறைகளும் வந்து சேருகின்றன. இவை பற்றித் தமிழில் எழுதப்பட்டவை அரிதாகையால் சற்று விரிவாகக் கூறுதல் பொருத்தமாகும்.

முதலாவது, எதிர்மறை வினா. 'நீங்கள் சங்கக் கூட்டங்களுக்குச் செல்வதில்லையா?' என்று கேட்டால், செல்லாதவர் 'ஓம்' என்பார்; அவரே 'இல்லை' என்றும் கூறலாம். செல்பவரும் 'இல்லை, போறனான்' என்று கூறலாம். 'இல்லை' என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும் ஆய்வாளனுக்கு அவ்விடை பயனற்றது. இதனினும் சிக்கலானது, காரணத்தை உள்ளடக்கிய எதிர்மறை வினா. 'வறுமையினால் உங்கள் பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்வதில்லையா?' என்பதற்குரிய 'இல்லை' என்னும் விடை, பிள்ளைகள் செல்லவில்லை என்றும், அவர்கள் செல்கிறார்கள் என்றும், செல்லவில்லைதான் ஆனால் வறுமை காரணமன்று என்றும் முப்பொருள் படும். 'பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்கிறார்களா?' என முதலிற் கேட்டு, செல்லாதவர் இருப்பின் 'என்ன காரணம்?' எனத் தனியே கேட்பதே தக்க வழி.

இரண்டாவது, உம்மை. 'தமிழ்ப் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் ஒழுங்காக வாசிக்கிறீர்களா?' என்பது எமது மாணவர் எழுதும் வினாக்களுள் மிகச் சாதாரணமானது. பத்திரிகையை நாடோறும் வாசித்துச் சஞ்சிகையைத் தொட்டறியாதவர் என்ன விடை கூறுவது? 'ஒழுங்காக' என்பது தினமுமா, வாரமொருமுறையா? வினாவில் உம்மை தோன்றுமிடமெல்லாம் இரு வினாக்கள் ஒளிந்திருக்கின்றனவா எனச் சோதித்தல் நன்று.

மூன்றாவது, முன்னிலைப் பெயர். 'நீங்கள்' என்பது பன்மையாகவும் மரியாதை ஒருமையாகவும் வழங்குவது. 'நீங்கள் மாதந்தோறும் அரிசிக்கு எவ்வளவு செலவிடுகிறீர்கள்?' என்பதை ஒருவர் தம்மைக் குறித்ததாகவும், இன்னொருவர் தம் வீட்டாரைக் குறித்ததாகவும் கொள்வர். வினாக்களைப் பொதுமக்கள் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றனர் என விரிவாக ஆராய்ந்து 1981இல் நூலெழுதிய வில்லியம் பெல்சன், ஆங்கிலத்திலேயே இச்சுட்டுப்பெயர் மயக்கந் தருவதைக் காட்டியுள்ளார். நீ, நீர், நீங்கள் எனப் படிநிலை கொண்ட யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் இது சமூக உறவுப் பிரச்சினையாகவும் மாறுகின்றது. அச்சில் 'நீங்கள்' என்றிருப்பதை, வயது முதிர்ந்த கூலித் தொழிலாளியிடம் வாய்மொழியாகக் கேட்கும் இளம் ஆய்வாளன் 'நீர்' என மாற்றிவிட்டால், வினா மாறாவிடினும் விடை மாறிவிடும். அவமதிக்கப்பட்டவன் விரைவில் முடித்துவிடக்கூடிய விடையையே தருவான்.

நான்காவது, துணைவினைகள். 'கூடும்' என்பது நிகழத்தக்க தன்மையைக் குறிக்கும். அதன் எதிர்மறை போலத் தோன்றும் 'கூடாது' என்பதோ விலக்கலைக் குறிக்கும். 'பெண்கள் இரவு வேலைக்குச் செல்லக்கூடுமா?' என்ற வினாவுக்கு ஒருவர் 'கூடாது' என்றால், அவர் நிலைமையை விபரிக்கவில்லை, தீர்ப்புக் கூறுகின்றார். அவ்வாறே 'முடியாது' என்பது இயலாமையையும் மறுப்பையும் ஒருங்கே உணர்த்தும். உண்மை நிலையையும் விழுமியத்தையும் பிரித்தறிய விரும்பும் ஆய்வாளன் இத்துணைவினைகளைத் தவிர்த்து, 'செல்கிறார்களா' என்றும் 'செல்வது சரியென நினைக்கிறீர்களா' என்றும் இருவேறாகக் கேட்கவேண்டும்.

ஐந்தாவது, காலமும் எண்ணும். 'கடந்த வருடம்' என்பது சிலருக்குத் தை முதல் மார்கழி வரையான ஆண்டு. சிலருக்குச் சென்ற சித்திரையிலிருந்து எண்ணப்படுவது. வேறு சிலருக்கு இன்றிலிருந்து பின்னோக்கிய பன்னிரண்டு மாதங்கள். வயதைக் கேட்டால் 'முப்பத்திரண்டு நடக்குது' என்று கூறுவது எமது கிராமங்களின் வழக்கம். அவருக்கு நிறைவடைந்த வயது முப்பத்தொன்றே. 'அடிக்கடி', 'சிலவேளைகளில்' என்பவற்றுக்கு அளவே இல்லை. 'கடந்த ஏழு நாட்களில் எத்தனை நாட்கள்?' என்ற வினா இத்தகைய மயக்கத்துக்கு இடமளிக்காது.

4. சொல்லும் சமூக வாழ்வும்

வாக்கிய அமைப்பைத் திருத்திவிட்டால் மாத்திரம் பிரச்சினை தீர்ந்துவிடுமெனக் கூறவியலாது. சொற்கள் சமூக உறவுகளினுள்ளே பொருள் பெறுவன. ஒரே சொல் வெவ்வேறு வர்க்கத்தினரிடையே வெவ்வேறு பொருள்களைக் குறிக்குமிடத்து, இலக்கண சுத்தமான வினாவும் இருபொருள் படும்.

'வேலை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'நீங்கள் வேலை செய்கிறீர்களா?' எனக் கேட்டால், விடிவதற்கு முன் எழுந்து ஆடு மாடு பார்த்து, ஓலைப்பெட்டி இழைத்து விற்று, தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பெண்ணும் 'இல்லை, வீட்டிலை சும்மாதான் இருக்கிறன்' என்பாள். அவள் பொய் கூறவில்லை. மாதச் சம்பளமே வேலையென்று வரையறுத்த சமூகத்தின் தீர்ப்பினையே அவள் திருப்பிக் கூறுகிறாள். அவ்விடையை அப்படியே பதிவு செய்யும் அட்டவணை, பெண்ணுழைப்பை மறைக்கும் கருத்துநிலைக்குப் புள்ளிவிபரத்தின் அதிகாரத்தையும் அளித்துவிடுகின்றது. சர்வதேச தொழிற் புள்ளிவிபரவியலாளரின் பத்தொன்பதாவது மாநாடு 2013இல் ஊதியமற்ற உழைப்பையும் வேலை என்பதனுள் அடக்கி வரைவிலக்கணத்தை மாற்றியமைத்தது. எனினும் வரைவிலக்கணத்தை மாற்றினாற் போதாது, வினாவையும் மாற்றவேண்டும். 'கடந்த ஏழு நாட்களில் இவற்றுள் எவற்றைச் செய்தீர்கள்?' எனச் செயல்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பதே பயன் தரும்.

மலையகப் பெருந்தோட்டமொன்றில் 'உங்கள் மாத வருமானம் எவ்வளவு?' எனக் கேட்கும் ஆய்வாளன், அங்கு ஊதியம் எவ்வாறு கணக்கிடப்படுகின்றது என்பதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு நாளுக்குரிய 'பேர்' விழுந்ததா, அரைப்பேரா, கைக்காசுக்குக் கொழுந்து பறித்த நாட்கள் எத்தனை, சேமலாப நிதி, சங்கச் சந்தா, முற்பணம் ஆகியன கழிந்தபின் கைக்கு வந்தது எவ்வளவு என்பனவெல்லாம் வெவ்வேறு தொகைகள். தொழிலாளி இவற்றுள் எதனைக் கூறினார் என்பது தெரியாதவிடத்து, சராசரி வருமானம் என அட்டவணையில் இடம்பெறுவது பொருளற்ற ஓர் எண் மட்டுமே. தொழிலாளர் தாம் வழங்கும் சொற்களாலேயே கேட்கப்படுதல் வேண்டும் என்பதன் அவசியம் இங்கு புலனாகும்.

எமது சொந்த அனுபவமொன்றையும் இங்கு ஒளிக்காமற் கூறுதல் தகும். வாசிப்புப் பழக்கம் பற்றி முன்னர் நாம் தயாரித்த வினாக்கொத்தொன்றின் முதல் வினா, 'நீங்கள் இலக்கியம் வாசிப்பதுண்டா?' என்பதாகும். உழைக்கும் மக்களிற் பலர் இல்லை என்றனர். நாமும் அவ்விடைகளைக் கொண்டு ஒரு முடிவுக்கு வர இருந்தோம். பின்னர் ஒருவருடன் திண்ணையிலிருந்து உரையாடியபோதே, அவர் நாட்டுக்கூத்துப் பாடல்களை மனனமாக வைத்திருப்பவர் என்பதும், பத்திரிகையில் வரும் தொடர்கதையை மகள் உரத்து வாசிக்க நாடோறும் கேட்பவர் என்பதும் தெரியவந்தன. 'இலக்கியம்' என்பது படித்தவருடைய சொத்து என அவர் விளங்கியிருந்தார். 'வாசித்தல்' என்பது தன் கண்ணால் வாசித்தல் என விளங்கியிருந்தார். இரு சொற்களையும் அவ்வாறு வேலியிட்டது யார்? எமது கல்விமுறையும், அதில் ஊறிய எமது வினாவுமே. மக்களுக்கு இலக்கிய உணர்வில்லை என எழுத இருந்த நாம், உண்மையில் அளந்தது எமது சொல்லின் குறுக்கத்தையே.

இன்னும் பாரதூரமான உதாரணம் குடிசன மதிப்பீட்டில் உள்ளது. 1911ஆம் ஆண்டு மதிப்பீடு முதலாக, இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் தனித்தனி இனங்களாகக் கணக்கிடப்படலாயினர். 'இந்தியத் தமிழர்' என்ற வகை வினவுவது எதனை? முன்னோர் வந்த இடத்தையா, குடியுரிமையையா, ஒருவர் தம்மை எவ்வாறு உணர்கிறார் என்பதையா? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இவ்வரலாற்றினூடு வந்த ஒருவர், 'நீங்கள் இந்தியத் தமிழரா?' என்ற வினாவைச் செவிமடுக்கும்போது, 'நீங்கள் இந்நாட்டவர்தானா?' என்ற அச்சுறுத்தலையும் அதனுள்ளே கேட்பதில் வியப்பில்லை. அவர்களுட் பலர் தம்மை மலையகத் தமிழர் என அழைத்துக்கொள்வது இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட கூட்டு மறுமொழியாகும். வினாவின் வகைப்பாடு யதார்த்தத்தைப் பிரதிபலிப்பதோடு நின்றுவிடுவதில்லை. அதனை ஆக்கவும் செய்கின்றது.

5. தெரிவுகளும் மௌனமும்

விடைகளை முன்கூட்டியே வகுத்துக் கொடுக்கும் வினாக்களில், வகுக்கப்படாத விடைக்கு இடமில்லை. 'உங்கள் கணவர் உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா?' என்ற வினாவைப் போரிற் காணாமலாக்கப்பட்டவரின் மனைவி முன் வைத்துப் பார்ப்போம். இரண்டிலொன்றைத் தெரிவு செய்யும்படி கேட்பது, அவள் ஆண்டுக்கணக்காகக் கூற மறுத்து வந்த ஒன்றைக் கூறும்படி வற்புறுத்துவதாகும். காணாமற்போனோர் தொடர்பில் இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக வேறொரு சான்றிதழ் வழங்குவதற்கு 2016இல் சட்டம் இயற்றப்பட்டது. அரசின் பதிவேடே இரு கூடுகள் போதா என ஒப்புக்கொண்ட பின்னரும், ஆய்வாளர் பலர் தமது படிவங்களில் இரண்டை மாத்திரமே வைத்திருக்கின்றனர். 'தெரியாது', 'கூற விரும்பவில்லை', 'வேறு' என்பன படிவத்தை நிரப்புவதற்கான மிச்சக் கூடுகள் அல்ல, விடையளிப்பவரின் உரிமைகள்.

திறந்த வினாக்களின் பயனுக்கு இன்னொரு வரலாற்று உதாரணம் உண்டு. பிராங்போட் சமூக ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் எரிக் ஃப்ரொம், ஹில்டே வைஸ் முதலானோர் 1929இல் ஜேர்மன் தொழிலாளர், ஊழியர் மத்தியில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். 271 வினாக்கள் கொண்ட 3,300 வினாக்கொத்துகள் விநியோகிக்கப்பட்டு, ஏறத்தாழ 1,100 திரும்பி வந்தன. நாசி ஆட்சியால் ஆய்வாளர் புலம்பெயர நேர்ந்தது. ஆய்வு நூலாக வெளிவந்தது 1980இலேயே. மார்க்ஸின் 1880ஆம் ஆண்டு முயற்சியைப் பற்றி 1936இற் கட்டுரை எழுதியவரும் இதே ஹில்டே வைஸ்தான். பொதுவான அரசியல் வினாக்களுக்கு இடதுசாரித் தொழிலாளர் தத்தம் கட்சியின் சுலோகங்களையே விடையாக எழுதினர். ஆனால் பிள்ளைகளை அடித்து வளர்ப்பது பற்றியும், மனைவி வேலைக்குச் செல்வது பற்றியும் கேட்கப்பட்ட வினாக்களில், அவர்களுட் கணிசமானோரிடம் அதிகாரத்துக்குப் பணியும் மனப்பாங்கு வெளிப்பட்டது. பொதுவினா சுலோகத்தையும், பருமையான வினா வாழ்க்கையையும் வெளிக்கொணரும் என்னும் இப்பாடத்தை முற்போக்கு இயக்கத்தினர் சிறப்பாக மனங்கொள்ளல் வேண்டும்.

ஏனெனில், எம்மவரிடையேயும் ஒரு மயக்கம் நிலவுகின்றது. நடுநிலை என்பது பூர்ஷுவாப் பொய்மை. ஆகவே வினாவின் சார்பின்மை பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்பது சிலருடைய வாதம். எதனைக் கேட்பது என்பதில் ஆய்வாளனுக்குச் சார்பு உண்டு, இருக்கவும் வேண்டும். முதலாளியின் இலாபநட்டத்தைக் கேளாது தொழிலாளியின் உணவு இடைவேளையைக் கேட்ட மார்க்ஸ் பக்கஞ் சார்ந்தே கேட்டார். ஆனால் எவ்வாறு கேட்பது என்பதிற் சார்பைப் புகுத்துவோமாயின், நாம் தொழிலாளியிடம் எதனையும் அறிந்துகொள்ளவில்லை. எமது கருத்துக்கு அவரிடம் கையொப்பம் வாங்கியுள்ளோம். 'முதலாளிகளின் சுரண்டலால் நீங்கள் துன்பப்படுகிறீர்களா?' என்ற வினாவுக்கு நூற்றுக்கு நூறு பேர் ஆம் என்றாலும், அவ்வெண்ணிக்கையை நம்பி ஓர் இயக்கம் தன் அடுத்த அடியை வைக்க முடியாது. வர்க்கப் போராட்டத்துக்கு வேண்டுவது புறநிலை உண்மை. அதனை எமக்கு நாமே மறைத்துக்கொள்வதால் நட்டமடைவது எதிரியன்று.

6. செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிவுகளுக்கு வரலாம். வினாவைத் தமிழிலேயே முதலில் எழுதுக. பிறமொழி வடிவம் தேவையாயின், தமிழிலிருந்து அதனை ஆக்கி, வேறொருவரைக் கொண்டு மீண்டும் தமிழுக்குக் கொணர்ந்து ஒப்பிடுக. ஒரு வினாவில் ஒன்றை மாத்திரம் கேட்க. எதிர்மறையைத் தவிர்க்க. கால எல்லையையும் அளவையும் எண்ணாற் குறிப்பிடுக. 'குடும்பம்' போன்ற சொற்களை அப்படியே விடாது, 'ஒரே அடுப்பிற் சமைத்து உண்போர்' என்பது போல விளக்கிக் கூறுக.

களத்துக்குச் செல்லுமுன் அப்பகுதி மக்களுட் சிலரிடம் வினாவை வாசித்துக் காட்டி, 'இதிலே என்ன கேட்கப்படுகின்றது? உங்கள் சொல்லிற் சொல்லுங்கள்' என வேண்டுதல் தலையாய பரிசோதனையாகும். அவர் வேறொன்றைக் கூறுவாராயின் திருத்தப்படவேண்டியது வினாவேயன்றி அவரல்லர். கிடைக்கும் திருத்தத்தை ஆய்வாளனின் பெருந்தன்மையாகக் கொள்ளாது, வினாக்கொத்தின் ஆக்கத்தில் மக்களின் பங்காகவே கொள்ளல் வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். எமது சஞ்சிகைகளிலும் ஆய்வேடுகளிலும் சதவீதங்கள் நிறைந்த அட்டவணைகள் வெளிவருகின்றன. அவ்விடைகளைப் பெற்ற வினா வாக்கியங்கள் பெரும்பாலும் வெளிவருவதில்லை. மக்கள் முன் வைக்கப்பட்ட வினா, வைக்கப்பட்ட அதே சொற்களில் அட்டவணையின் மேலே அச்சிடப்படுவதை நாம் நியதியாக்க வேண்டும். வினா மறைக்கப்பட்ட விடையை எவரும் சோதிக்க முடியாது.

இவ்வேண்டுகோள் புலமையாளரிடையிலான ஒழுங்கு மாத்திரமன்று. 2023இல் ஆரம்பிக்கப்பட்ட அஸ்வெசும உதவித் திட்டத்திற் பயனாளிகள் 22 குறிகாட்டிகளின் அடிப்படையிலே தெரிவு செய்யப்பட்டனர். வீடு வீடாகச் சென்று பெறப்பட்ட விடைகளே குடும்பமொன்றுக்கு உதவி உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்தன. படிவத்திலுள்ள ஒரு சொல்லை இருவேறாக விளங்கிக்கொள்ள இடமிருப்பின், அதன் விலையைச் செலுத்துவது படிவத்தை எழுதியவரல்லர். இனிவரும் எமது மாணவர் வினாக்கொத்துடன் படலையைத் திறந்து உள்ளே செல்கையில், தாம் கையிற் கொண்டு செல்வது அளவுகோல் மாத்திரமன்று, ஒருவரைப் பேச விடவோ பேசவிடாது தடுக்கவோ வல்ல வாக்கியங்கள் என்பதை உணர்ந்து செல்வாராக.